அழுகிப்போன பென்னியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? காயின் பிரிக்கிறவங்க கேக்குற கேள்விகள்

பேங்க்ல 25 டாலர் குடுத்து ஒரு பாக்ஸ் வாங்குனா, பேப்பர்ல 50 காசா சுத்துன ரோல் 50, மொத்தம் 2,500 அமெரிக்க பென்னி, அதாவது லிங்கன் முகம் போட்ட ஒரு சென்ட் காசு. அதை மேஜைல கொட்டி வீட் பென்னி (பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட பழைய காசு), காப்பர் (செம்பு), ஜிங்க் (துத்தநாகம்) அப்படின்னு பிரிக்க ஆரம்பிச்சா எப்படியும் ஒரு கைப்பிடி காசு கருப்பா, பச்சையா, ஓட்டை விழுந்து, சிலது பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு வரும். அந்த கைப்பிடிய பத்தி மட்டும்தான் இங்க. இந்த பொழுதுபோக்குல புதுசா இறங்குனவங்க எங்கிட்ட திரும்ப திரும்ப கேக்குறத எழுதி வச்சிருக்கேன்.

பழைய பென்னி எல்லாம் நல்லா இருக்கு, 1990-க்கு அப்புறம் வந்ததுதான் நாறிக்கிடக்கு. இது எப்படி?

ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வேற வேற உலோகம். 1982 வரைக்கும் வந்த பென்னில 95 சதவீதம் செம்பு. நடுவுல 1943 மட்டும் ஸ்டீல், அந்த கதை கீழ வருது. செம்பு விலை ஏறி கட்டுப்படி ஆகலன்னு 1982 நடுவுல மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் 97.5 சதவீதம் ஜிங்க், மேல செம்பு முலாம் மட்டும். கல்யாண வீட்டு கவரிங் நகை மாதிரின்னு வச்சுக்கோங்க.

அந்த முலாம் ரொம்ப மெல்லிசு. எங்கயாவது ஒரு கீறல் விழுந்து உள்ள இருக்குற ஜிங்க் வெளிய தெரிஞ்சு, அங்க கொஞ்சம் உப்புத்தண்ணியும் பட்டா போச்சு, செம்பு ஒரு பக்கம் ஜிங்க் ஒரு பக்கம் நடுவுல உப்புத்தண்ணின்னு அதுவே ஒரு குட்டி பேட்டரி ஆயிடும், அதுல கரையுறது எப்பவும் ஜிங்க்தான். செம்பு தோல் அப்படியே இருக்கும், உள்ள சதை மட்டும் பொடிஞ்சு போகும். அதனாலதான் சில பென்னிய விரலால அழுத்துனா முட்டை ஓடு மாதிரி உள்ள போகுது. கார் கப் ஹோல்டர்ல கிடக்குற பென்னிய பாருங்க, பனிக்காலத்துல ரோட்டுல போடுற உப்பு ஷூல ஒட்டிக்கிட்டு உள்ள வருது, மேல சிந்துன சோடா வேற. ஜிங்க் பென்னிக்கு அதைவிட மோசமான இடம் இல்ல. நீரூற்றுல எறிஞ்ச காசும் அப்படித்தான், தண்ணில குளோரின் இருக்கும்.

முழு செம்பு பென்னிக்கு இந்த வியாதி வராது, அதுக்கு வர்றது களிம்பு. அது மேலோட்டமா மெதுவா ஏறும், நிறம் மாறும், பச்சை படியும், ஆனா காசு காசாவே இருக்கும். வியாதி ரெண்டும் வேற வேற, வைத்தியமும் வேறதான். இது புரிஞ்சாலே கீழ இருக்குற கேள்வில பாதிக்கு பதில் கிடைச்ச மாதிரி.

வருஷமே படிக்க முடியலன்னா காப்பரா ஜிங்க்கா எப்படி கண்டுபிடிக்கிறது?

எடை போடுங்க. நல்ல காப்பர் 3.11 கிராம், நல்ல ஜிங்க் 2.5 கிராம். 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு போதும், 0.01 காட்டுனா இன்னும் நல்லது. அழுகுன ஜிங்க் 2.5-க்கும் கீழ போகும், 2.2 கூட பாத்திருக்கேன். மண்ணு ஒட்டுனா கொஞ்சம் கூடும், ஆனா ஜிங்க் காசு அழுக்காலயே 3.1 வரைக்கும் ஏறுறது நடக்காத காரியம், அதனால குழப்பம் வராது.

தராசு இல்லன்னா கெட்டியான மேஜைல கொஞ்சம் உயரத்துல இருந்து போட்டு பாருங்க. செம்பு டிங்னு கேக்கும், ஜிங்க் சப்புன்னு விழும். இது சுத்தமான காசுக்கு ஜோரா வேலை செய்யும், உள்ள அழுகுனதுக்கு அவ்ளோ நம்ப முடியாது.

அழுகல் நிறமே ஒரு துப்பு. வெள்ளைப் பொடி, சாம்பல் நிறம், ஓரத்துல அரிச்சு எடுத்த மாதிரி பள்ளம், கொப்புளம் இதெல்லாம் ஜிங்க். ஒரே சீரா கருப்பு, பழுப்பு, கெட்டிப் பச்சை, ஓரம் ரவுண்டா முழுசா இருக்குன்னா அனேகமா காப்பர்.

1982 மட்டும் தொல்லை பிடிச்ச வருஷம், ரெண்டும் வந்திருக்கு. அதுலயும் வருஷ எண்ணு பெருசா இருந்தா பெரிய தேதி, சின்னதா இருந்தா சின்ன தேதின்னு ரெண்டு விதம், ஃபிலடெல்ஃபியா, டென்வர்னு ரெண்டு மின்ட் (காசு அடிக்கிற ஆலை), ஆக மொத்தம் வழக்கமான ரகம் 7. எட்டாவதா வந்திருக்க வேண்டிய டென்வர் சின்ன தேதி காப்பர் வழக்கமான ரகம் இல்ல, தவறுதலா அடிபட்டது, ரொம்ப ரொம்ப அபூர்வம். அதனால 1982 டி (டின்னு எழுத்து போட்ட டென்வர் காசு) அழுகி வந்தா தூக்கி எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை தராசுல வைங்க, 3 கிராம் தாண்டுச்சுன்னா தேதி பெருசா சின்னதான்னு லென்ஸ் வச்சு பாருங்க. எனக்கு கிடைச்சதில்ல. கிடைக்கும்னு நெனச்சு பாக்குறதுல ஒரு சுகம், அவ்ளோதான்.

வெள்ளைப் பொடி வந்த ஜிங்க் பென்னிய காப்பாத்த முடியுமா?

முடியாது. போன ஜிங்க் திரும்ப வராது. கழுவுனா பள்ளம் இன்னும் நல்லா தெரியும், அவ்ளோதான் நடக்கும். இதுக்கு நேரம் செலவு பண்ணாதீங்க.

பச்சையா இருக்குறது எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல, இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பச்சைல மூணு தினுசு.

கெட்டியா, காசோட காசா ஒட்டி, நகத்தால சுரண்டுனாலும் வராத பச்சை முதல் தினுசு. பித்தளை பாத்திரத்துல ஏறுற அதே களிம்புதான். பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும், வளராது. விட்டுடலாம்.

மெழுகு மாதிரி, பசை மாதிரி, தொட்டா கைல ஒட்டுற பச்சை ரெண்டாவது. பழைய பிவிசி கவர்லயோ ஆல்பத்துலயோ வருஷக்கணக்கா இருந்த காசுக்கு இது வரும். பிளாஸ்டிக்க வளைய வைக்க சேக்குற பொருளும், பிவிசி சிதையும்போது வர்ற அமிலமும் செம்போட சேந்து பண்ற வேலை. சுத்தமான அசிட்டோன்ல ஊறவச்சா கரைஞ்சு போயிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதுல வாசனை, எண்ணெய்னு ஏதேதோ கலந்திருப்பாங்க. ஹார்டுவேர் கடைல டின்ல வர்ற சுத்த அசிட்டோன் வாங்கி, கண்ணாடி பாத்திரத்துல, ஜன்னல திறந்து வச்சு, அடுப்பு சிகரெட் எதுவும் பக்கத்துல இல்லாம பண்ணுங்க. நான் முதல் தடவை ஒரு பிளாஸ்டிக் கப்புல ஊத்தி கப்பு கரைஞ்சு மேஜை முழுக்க ஓடி மேஜை பாலிஷும் போச்சு, வீட்டுல வாங்கிக்கட்டிக்கிட்டது தனி கதை.

வெளிர் பச்சைல பொடிப்பொடியா, தொடச்சா வந்துடுது, ஆனா ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா அதே இடத்துல திரும்ப முளைச்சிருக்கு, இது மூணாவது தினுசு. இதுக்கு வெண்கல நோய்னே பேரு. குளோரைடு உள்ள புகுந்துட்டா ஈரம் கிடைக்கிற வரைக்கும் தின்னுகிட்டே இருக்கும். டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சு தினமும் தண்ணிய மாத்திகிட்டே இருந்தா குளோரைடு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், வாரக்கணக்கா ஆகும். அப்புறம் நல்லா காய வச்சு ஈரம் படாத இடத்துல வைக்கணும். சாதாரண காசுக்கு இவ்ளோ பாடு வேணுமான்னா வேண்டாம், தனியா ஒதுக்கிடுங்க.

வினிகர்ல உப்பு போட்டு ஊறவச்சா பளபளன்னு ஆகுதே, அதை ஏன் எல்லாரும் திட்டுறாங்க?

ஆகும், நானும் பண்ணியிருக்கேன். மேல படிஞ்ச செம்பு ஆக்ஸைடை அமிலம் கரைச்சிடுது, உப்பு அதை வேகப்படுத்துது, உள்ள இருந்து புது செம்பு வெளிய தெரியுது. ஆனா அந்த நிறத்தை பாருங்க, ஒரு செயற்கையான ரோஸ். புழக்கத்துல தேஞ்ச 1950-ம் வருஷத்து காசு நேத்து அடிச்ச மாதிரி ரோஸா இருக்காது. காயின் பாக்குறவங்க ரெண்டு அடி தூரத்துல இருந்தே கழுவுன காசுன்னு சொல்லிடுவாங்க, விலை அடிபடும்.

இன்னொன்னு, சரியா அலசலன்னா உப்புல இருக்குற குளோரைடு காசு மேலயே தங்கி ஒரு ராத்திரில பச்சை பிடிச்சிடும். கழுவறதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா இருக்கும்.

ஜிங்க் பென்னிய வினிகர்ல போட்டீங்கன்னா கதையே வேற. கீறல் இருக்குற எடத்துல இருந்து குமிழ் குமிழா வரும், அது ஹைட்ரஜன். மூடிய இறுக்கி மூடிட்டு போயிடாதீங்க. பல நாள் கழிச்சு பாத்தா காசு பாதி காணாம போயிருக்கும். காப்பர், ஜிங்க் ரெண்டையும் ஒண்ணா ஒரே ஜாடில போடுறது அதை விட கூத்து.

விக்கப்போறது இல்ல, குழந்தைங்களுக்கு வேதியியல் காட்டத்தான்னா தாராளமா பண்ணுங்க, காப்பர் மட்டும் போட்டு. ஊறவச்ச தண்ணில ஒரு இரும்பு ஆணிய போட்டா அது மேல செம்பு படியும், பசங்க வாயப் பிளப்பாங்க. அந்த தண்ணிய மீன் தொட்டி பக்கமோ செடிக்கோ கொண்டு போயிடாதீங்க, கரைஞ்ச செம்பு மீனுக்கு விஷம்.

குத்துவிளக்கை புளி போட்டு தேய்க்கிற மாதிரி தேய்ச்சா?

நம்ம ஆளுங்க கண்டிப்பா கேக்குற கேள்வி. புளி, எலுமிச்சை, கெட்சப், கோலா எல்லாம் அமிலம்தான், வினிகர் பண்றத்தான் இதுவும் பண்ணும். புளில கூடுதலா தேய்ப்பும் சேருது, நார் பட்டு முடி மாதிரி கீறல் விழும். விளக்குக்கு அது பரவால்ல, லிங்கன் கன்னத்துக்கு பரவால்ல இல்ல.

துரு பிடிச்ச காசுதான், ஆனா அபூர்வமான வருஷம் மாதிரி தெரியுது. கழுவி பாக்கவா?

கைய எடுங்க. முதல்ல சாஞ்ச வெளிச்சத்துல பாருங்க, டார்ச்ச பக்கவாட்டுல படுக்க வச்சு அடிச்சா மேல இருந்து பாத்து தெரியாத எண்ணு நிழலா தெரியும். போன் கேமராவுல பெருசாக்கி பாருங்க. இதுக்கு மேல வேணும்னா டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் அசிட்டோன், இந்த ரெண்டும் செம்பை தொடாது, அழுக்க மட்டும் எடுக்கும். தேய்க்கக்கூடாது, ஊறவச்சு தட்டி எடுத்து ஒத்தி காய வைக்கணும்.

சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஒரு ரோல்ல கருப்பா ஒரு வீட் பென்னி வந்துச்சு, கீழ எஸ் மாதிரி ஒரு எழுத்து, வருஷம் 19-க்கு அப்புறம் களிம்பு. ஆர்வக்கோளாறுல பழைய டூத்பிரஷ், பேக்கிங் சோடா எடுத்து அஞ்சு நிமிஷம் தேய்ச்சேன். 1931 எஸ், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட் காசு. அடிச்சதே 8,66,000 காசுதான். நான் தேய்க்கறதுக்கு முன்னாடி அது சும்மா கருப்பான காசு, தேய்ச்சப்புறம் லிங்கன் தாடி முழுக்க கீறல். களிம்போட விட்டிருந்தாலே நல்ல விலை இருந்திருக்கும், அத கடைக்காரர் சிரிக்காம சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிச்சுச்சு.

1909 எஸ் வி.டி.பி (வடிவமைச்சவரோட பேர் எழுத்து போட்டது), 1914 டி, 1955 டபுள்டு டை (அச்சுலயே எழுத்து ரெட்டையா இருந்து அடிச்சது) மாதிரி காசு எல்லாம் அரிச்சுப்போய் இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. சாதாரண வருஷம் அழுகி இருந்தா வெறும் ஒரு சென்ட்தான்.

எழுத்து ரெட்டையா தெரியுது, இது டபுள்டு டை தானே?

ஜிங்க் பென்னின்னா முக்கால்வாசி நேரம் இல்ல. அடிக்கும்போது எழுத்து ஓரத்துல முலாம் கிழிஞ்சு உள்ள இருக்குற ஜிங்க் வெள்ளிக்கோடா தெரியும், அது நிழல் மாதிரி இருக்குறதால ரெட்டை எழுத்துன்னு ஏமாத்தும். முலாமுக்கு அடியில வாயு மாட்டி வர்ற கொப்புளமும் அதே மாதிரி, முக்கியமா 80-கள்ல வந்த ஆரம்பகால ஜிங்க்ல நிறைய. அரிச்சு எழுத்து காணாம போன காசை எழுத்து இல்லாத எரர்னு நூறு டாலர் போட்டு விக்கிறவங்களையும் பாக்குறேன், வாங்கிடாதீங்க.

ஜிங்க்லயும் உண்மையான சரக்கு இருக்கு. 1983-ல பின்பக்க எழுத்து ரெட்டை, 1984-ல லிங்கனுக்கு ரெட்டை காது மடல், 1995-ல லிபர்ட்டிங்கிற எழுத்து ரெட்டை. இதுல ரெட்டிப்பு செம்பு நிறத்துலயே எழும்பி இருக்கும், வெள்ளிக்கோடா இருக்காது. அந்த மூணு வருஷம் அழுகி வந்தா மட்டும் ஒரு நொடி கூட பாருங்க.

சாம்பல் நிறத்துல துரு பிடிச்ச ஒண்ணு வந்துச்சு, காந்தத்துல ஒட்டுது.

1943 ஸ்டீல் பென்னி. போருக்கு செம்பு தேவைப்பட்டதால அந்த வருஷம் இரும்பு மேல ஜிங்க் பூசி அடிச்சாங்க. பூச்சு போனா இரும்பு சாதாரணமா துரு பிடிக்கும். நூறு கோடிக்கு மேல அடிச்சதால துரு பிடிச்சதுக்கு பெரிய விலை இல்ல, ஆனா ரோல்ல கிடைச்சா சந்தோஷமா இருக்கும், அப்படியே எடுத்து வைங்க. துரு நீக்க எதையும் ஊத்தாதீங்க, மிச்சம் இருக்குற ஜிங்க் பூச்சும் சேந்து போயிடும். 1943 போட்டு செம்பு நிறமா வந்தா குதிக்கறதுக்கு முன்னாடி காந்தம் வைங்க, மேல செம்பு முலாம் பூசுனது ஊரெல்லாம் கிடக்கு.

நல்ல காசோட சேத்து வச்சா தொத்திக்குமா?

கிருமி மாதிரி தொத்தாது, ஆனா ஈரமும் உப்பும் பரவும். அழுகுன காசுல இருக்குற பொடி ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பக்கத்து காசுல கீறல் இருந்தா அங்கயும் ஆரம்பிக்கும். பிசுபிசுன்னு வர்ற காசும் அப்படித்தான். பிரிக்கும்போதே அழுகலுக்குன்னு ஒரு தனி டப்பா வச்சுடுங்க, அது கைல பட்டா கைய தொடச்சிட்டு அடுத்த காச எடுங்க.

பிரிக்கிற மெஷின்ல போடலாமா?

மாதிரி காசு ஒண்ண வச்சு ஒப்பிட்டு பிரிக்கிற மெஷின் எல்லாம் நல்ல காசை நம்பி செஞ்சது. அரிச்ச ஜிங்க்க தப்பான பக்கம் தள்ளும், கொப்புளம் வந்தது பாதைல சிக்கிக்கும், பொடி உதிர்ந்து சென்சார் பக்கம் படியும். முதல்ல தட்டுல பரப்பி கண்ணால ஒரு ஓட்டம் ஓட்டி அசிங்கமானத பொறுக்கிட்டு அப்புறம் போடுங்க. ஒரு பாக்ஸுக்கு பத்து நிமிஷம் ஆகும், சிக்குன காச ஸ்க்ரூடிரைவரால நோண்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பேங்க் இதை திரும்ப எடுத்துக்குமா?

நிறம் மட்டும் மாறி, முழுசா வட்டமா, என்ன காசுன்னு தெளிவா தெரிஞ்சு, எண்ணுற மெஷின்ல ஓடுற மாதிரி இருந்தா அது தேஞ்ச காசு கணக்குல வரும், பேங்க் வழியாவே ஃபெடரல் ரிசர்வுக்கு (அமெரிக்க மத்திய வங்கி) போயிடும். வளைஞ்சது, உடைஞ்சது, பாதி கரைஞ்சது இந்த கணக்குல வராது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியா போனத அரசாங்கமே வாங்காது.

நடைமுறைல என்னன்னா, சில்லறை எண்ணுற மெஷின் அழுகுனத கீழ தள்ளிடும். அந்த தட்டை பாக்காம போகாதீங்க, 1943 ஸ்டீல், வெளிநாட்டு காசு எல்லாம் அங்கதான் கிடக்கும், அடுத்தவங்க விட்டுட்டு போனதும் சேத்து. பேப்பர் ரோல் நடுவுல அழுகல ஒளிச்சு வச்சு பேங்க்ல தள்ளுற வேலை மட்டும் வேண்டாம். அந்த ரோல் வேற யாராவது நம்மள மாதிரி ஆளு கைக்குத்தான் போகும், எனக்கே நான் சுத்துன ரோல் திரும்ப வந்திருக்கு, பேப்பர்ல என் கையெழுத்தோட.

அழுகுன காப்பர் பென்னிய எல்லாம் உருக்கிடலாமா?

கூடாது. 2006 டிசம்பர்ல அமெரிக்க மின்ட் பென்னியும் நிக்கலும் (5 சென்ட் காசு) உருக்கத் தடை போட்டுச்சு, மீறுனா 10,000 டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். ஊருக்கு போகும்போது பை நிறைய எடுத்துட்டு போகலாமான்னா அதுவும் இல்ல, கூட கொண்டு போற பென்னியும் நிக்கலும் சேத்து பொதுவா 5 டாலருக்குள்ள இருக்கணும். 2025 நவம்பர் 12 அன்னைக்கு ஃபிலடெல்ஃபியால புழக்கத்துக்கான கடைசி பென்னிய அடிச்சாச்சு, அதனால தடை தானா போயிடுச்சுன்னு சில பேரு கிளப்பி விடுறாங்க, பென்னி இப்பவும் செல்லும் காசுதான், நிறுத்துனது அடிக்கிறத மட்டும். சேத்து வைக்கிறதுக்கு தடை இல்ல. நல்ல காப்பர் 146 காசு சேந்தா ஒரு பவுண்டு, களிம்பு ஏறுனதும் கிட்டத்தட்ட அதே எடைதான், அதனால காப்பர் குவியல்ல பச்சைய பாத்து முகம் சுளிக்காம சேத்துக்கலாம், வெண்கல நோய் வந்தத தவிர.

கைக்கு, உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

சோப்பு போட்டு கை கழுவுனா போதும். பொடி உதிர்றத வாயால ஊதாதீங்க, சுரண்டி தூசி கிளப்பாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. சாப்பிடுற மேஜைல பண்ணாதீங்க.

சின்னப் பிள்ளைங்க, நாய் இருக்குற வீடுன்னா இதை மட்டும் சீரியஸா எடுத்துக்கோங்க. ஜிங்க் பென்னிய முழுங்குனா வயித்துல இருக்குற அமிலம் அதை கரைக்க ஆரம்பிச்சிடும். நாய்க்கு அந்த ஜிங்க் ரத்த சிவப்பணுவ உடைச்சு உயிருக்கே ஆபத்தாகும், ஒரே ஒரு காசு போதும். முழுங்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டு ஓடுங்க, குழந்தைன்னா உடனே டாக்டர். ஏற்கனவே கீறல் விட்டு அரிச்ச காசு இன்னும் சீக்கிரம் கரையும், அதனால அழுகல் டப்பாவுக்கு மூடி போட்டு உயரத்துல வைங்க.

மெட்டல் டிடெக்டர்ல மண்ணுக்குள்ள இருந்து எடுத்த பென்னி?

ஜிங்க்னா அனேகமா பாதிதான் இருக்கும், விடுங்க. காப்பர்னா டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சு, மண்ணு இளகினதும் பல்குச்சியால மெதுவா தட்டி எடுங்க. சாதாரண வருஷத்துக்கு அதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

அப்போ அழுகல் டப்பா நிறைஞ்சா என்ன பண்றது?

நான் வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டி, வெறும் தண்ணில அலசி, காய வச்சு, மெஷின்ல ஓட்டிப் பாப்பேன். கொஞ்சம் ஓடிடும். ஓடாதத திரும்ப டப்பாலயே போட்டுடுவேன். இப்போதைக்கு கராஜ்ல மேல் தட்டுல ஒரு ஐஸ்கிரீம் டப்பா முக்கால் நிறைஞ்சு இருக்கு. எண்ணிப் பாத்தா ஆறு டாலர் தேறும், ஓட்டை விழுந்தத கழிச்சா நாலரை.